ஞாயிறு வேண்டாம், திங்கள் வாருங்கள்

தோழர்களே,

வயர் பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். தின்னர் டப்பாவைத் திறக்கவே திறக்காதீர்கள்.

ஞாயிறு விடிந்ததும் கீழக்குயில்குடி சமணமலைக்கு ஏறி, பாறைகளில் எழுதிக் கிடக்கிற அம்பு பாய்ந்த இதயங்களையும் இனிஷியல்களையும் சுரண்டி எடுத்துவிட்டு வரலாம் என்று நம்மில் பலர் கிளம்பி நிற்கிறார்கள். கோபம் நியாயம்தான். பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் அந்தக் கோபத்தைப் பாறையிடம் காட்டிவிட்டு எழுதியவனை விட்டுவிடுவதற்குப் பெயர் போராட்டமா? மலைக்குப் போக வேண்டாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு வாருங்கள்.

ஏன் இப்படித் தடுக்கிறேன் என்று கேட்பீர்கள். எனாமல் பெயிண்ட் பாறைமேல் தோல் மாதிரி காய்ந்து கிடக்கும். அதன்மேல் தின்னரை ஊற்றினால் தோல் கரையும், ஆனால் போகாது. கரைந்த சாயம் பாறையின் நுண்துளைகளுக்குள் இறங்கும். மேலே எழுத்தாக இருந்தது உள்ளே கறையாக மாறும். அதற்குப் பிறகு எந்த நிபுணர் வந்தாலும் எடுப்பது கஷ்டம். வயர் பிரஷ் இன்னும் மோசம். வெயிலிலும் மழையிலும் நொய்ந்துபோயிருக்கும் மேல்பரப்பின் மணிகளை அது பெயர்த்தெடுத்துவிடும். உடைந்து ஒட்டிக்கொள்ளும் கம்பித் துணுக்குகள் அடுத்த மழையில் துருவேறிப் பழுப்புக் கோடாக வழியும். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாம்பலும் பச்சையுமாகப் பாறையில் படர்ந்திருக்கிறதே, அது அழுக்கு இல்லை, பாறைப்பாசி. பல வகைகள் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதவை. ஒரு கையகல வட்டத்தைச் சுரண்டி எறிந்தால் நம் பேரன் காலத்தில்கூட அது திரும்பி வராது.

இதெல்லாம் வெறும் பாறைக்கு. பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக நிற்கிற தீர்த்தங்கரர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு அடியில் வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு உளி வேலை. மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் வருகிற தமிழ்பிராமி அதற்கும் ஆயிரம் வருடம் மூத்தது. அந்தக் கோடுகளின் ஆழம் சில மில்லிமீட்டர்தான். அதன் பக்கத்தில் நாம் பிரஷ்ஷோடு உட்காரலாமா?

இன்னொன்று. சமணமலைச் சிற்பங்கள் நடுவண் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 1958ஆம் வருடத்துப் பழஞ்சின்னங்கள் சட்டத்தின் 30ஆவது பிரிவு, பாதுகாக்கப்பட்ட சின்னத்தை அழித்தாலும், சேதப்படுத்தினாலும், மாற்றினாலும், உருக்குலைத்தாலும் குற்றம் என்கிறது. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2010இல் திருத்துவதற்கு முன்னால் அது மூன்று மாதமும் ஐயாயிரம் ரூபாயுமாகத்தான் இருந்தது. அனுமதி இல்லாமல் ஆசிட் ஊற்றிப் பாறையைக் கெடுத்தவரும் அதே பிரிவுக்குள்தான் வருவார். எழுதியவன் வீட்டில் தூங்க, அழிக்கப் போன தோழர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் காட்சியை நான் பார்க்க விரும்பவில்லை.

தோழர்களே, நம் கையில் ஆயுதம் இல்லாமல் இல்லை. அது உறையில் தூங்குகிறது, அவ்வளவுதான். மேலே சொன்ன சட்டம் பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கு மட்டும். ஆனால் நம் மலைகள் பலவும் வருவாய்த் துறைக் கணக்கில் பாறைப் புறம்போக்கு, மலைப் புறம்போக்கு. அங்கே எழுதினால் கேட்பதற்கு ஆள் இல்லை என்று ஒரு நினைப்பு ஊரெல்லாம் இருக்கிறது. புறம்போக்கு என்றாலே யாருக்கும் சொந்தமில்லாதது என்று! புறம்போக்கு அரசின் சொத்து. அரசுச் சொத்துக்குச் சேதம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆவது பிரிவு ஒரு வருடம் வரை சிறை என்கிறது. சேதத்தின் மதிப்பு இருபதாயிரம் ரூபாயைத் தொட்டால் இரண்டு வருடம். ஒரு லட்சத்தைத் தொட்டால் ஐந்து வருடம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 425, 427 என்று வக்கீல்கள் சொல்லிக்கொண்டிருந்ததன் புது வடிவம் இது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. இதற்கு மேல் 1984ஆம் வருடத்துப் பொதுச்சொத்து சேதத் தடுப்புச் சட்டமும் உண்டு. தீயோ வெடியோ வைக்காத சேதத்துக்கு அதிலும் உச்சம் ஐந்து வருடம். பொது இடங்களில் விளம்பரம் எழுதி உருக்குலைப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959லேயே தனிச் சட்டம் போட்டாகிவிட்டது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. மனுக் கொடுக்கிற ஆளுக்குத்தான் பஞ்சம்.

சேத மதிப்பு என்று சொன்னேனே, அதைக் கவனியுங்கள். டப்பா பெயிண்ட் நூற்றைம்பது ரூபாய் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார். கணக்கு பெயிண்ட்டின் விலை இல்லை, அதைப் பாறைக்குச் சேதமில்லாமல் எடுக்க ஆகிற செலவு. மலைக்கு ஆளும் கருவியும் தண்ணீரும் ஏற்றி, பயிற்சி உள்ளவர்களை வைத்து, சிறு இடத்தில் சோதித்துப் பார்த்து, பிறகு அங்குலம் அங்குலமாக எடுக்க எவ்வளவு ஆகும்? அந்த மதிப்பீட்டைத் துறையிடம் எழுத்தில் கேட்க வேண்டும். மனுவிலேயே கேட்க வேண்டும். ஒரு வருடத் தண்டனையா ஐந்து வருடத் தண்டனையா என்பதை அந்த ஒரு தாள் தீர்மானிக்கும்.

காப்புக்காட்டுக்குள் என்றால் வனச்சட்டம் தனி. சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அங்கே ரேஞ்சரிடம் புகார் தர வேண்டும். கோத்தகிரிப் பக்கம் கரிக்கியூரில் பழங்குடிகளின் முன்னோர் வரைந்த பாறை ஓவியங்கள்மேல் மலையேற வந்தவர்கள் கிறுக்கிவிட்டுப் போன கதை ஏற்கெனவே பத்திரிகைகளில் வந்து ஓய்ந்துவிட்டது. ஓவியத்தின்மேல் விழுந்த கீறலுக்கு மருந்து கிடையாது. நாம் பேசிக்கொண்டிருப்பது மதுரை மலைகள். இங்கே இன்னும் காப்பாற்ற நிறைய மிச்சம் இருக்கிறது.

தனியாள் கிறுக்கலைவிடக் கம்பெனியும் கட்சியும் எழுதுவதுதான் பெரிய கேடு. 2002இல் இமாச்சலத்தில் மணாலியிலிருந்து ரோதாங் கணவாய்க்குப் போகிற சாலையோரப் பாறைகளில் கோகோ கோலா, பெப்சி விளம்பரங்கள் அடித்து வைத்திருந்தார்கள். பத்திரிகையில் செய்தி வந்தது. யாரும் வழக்குப் போடவில்லை, உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து எடுத்துக்கொண்டது. கம்பெனிகளுக்கு நோட்டீஸ் பறந்தது. அழித்துச் சீர்செய்யும் செலவை எழுதியவனே கட்ட வேண்டும் என்ற பேச்சு நாட்டின் உச்ச மன்றத்தில் ஏறியது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். பட்டுக்கடை, நகைக்கடை, சிமெண்ட், உள்ளூர்த் தலைவரின் பிறந்தநாள் வாழ்த்து. எந்த வழக்கும் நடக்காத மாதிரி பாறைகள் நிற்கின்றன.

இங்கே நம் வீட்டு அழுக்கையும் பேசிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுவர் எழுத்து நமக்கு உயிர். கையில் காசில்லாத இயக்கங்கள் சுண்ணாம்பும் நீலப்பொடியும் வைத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊரையே பேச வைத்தது இந்த மண்ணில்தான். அந்தக் கலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சுவர் என்பது ஒருவர் கட்டியது. அவரிடம் கேட்டு வெள்ளையடித்து எழுதலாம், நாளைக்கு மறுபடி வெள்ளையடித்து அழிக்கலாம். பாறைக்கு யாரிடம் அனுமதி கேட்டோம்? தேர்தல் வந்தால் நம் கூட்டணியின் சின்னமும் மலையடிவாரப் பாறையில் ஏறுகிறது. மாற்றுக் கட்சி எழுதினால் படமெடுத்துப் போடுகிறோம், நம்மவர் எழுதினால் கண்ணை மூடிக்கொள்கிறோம். இந்த மனுவில் முதல் படமாக நம் பக்கத்துக் கட்சி எழுதிய பாறை இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மனுவுக்கு மரியாதை இருக்காது. ஒன்றியச் செயலாளரிடம் இன்றே பேசுங்கள். யார் காண்ட்ராக்ட் எடுத்து எழுதினார், யார் பணம் கொடுத்தார் என்று அவருக்குத் தெரியும். தேர்தல் நடத்தை விதிகள் நடப்புக்கு வந்துவிட்டால் வேலை இன்னும் சுலபம். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் அந்த இடத்தில் நின்றே படமெடுத்து அனுப்பலாம், நூறு நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அவர்கள் சொன்ன கணக்கு. பழைய படத்தை அதில் ஏற்ற முடியாது. எனவே தேர்தல் காலத்தில் அடிவாரத்தில் ஆள் இருக்க வேண்டும்.

கல்வெட்டை நேசிக்கிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. எழுத்து படத்தில் தெளிவாக விழவில்லை என்று சாக்பீஸால் அதன்மேல் இழுத்துவிட்டுப் படமெடுக்கிற பழக்கம் நம்மில் உண்டு. சிலர் வெள்ளை பெயிண்ட்டையே தொட்டுத் தடவியிருக்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் எழுத்தைத் தப்பாகப் படித்து இழுத்த கோடு, அடுத்து வருகிறவருக்குக் கல்வெட்டாகவே தெரியும். ககரத்தை ரகரமாக்கிய புண்ணியம் நமக்கு வேண்டாம். காலை ஆறரை மணிக்குப் போனால் வெயில் சாய்வாக விழும், ஒவ்வொரு வெட்டும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். வெயில் விழாத குகைக்குள் டார்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். அதே பலன்.

பையன்களைப் பற்றிப் பலரும் கொதிக்கிறீர்கள். கல்லால் கீறிப் பெயர் எழுதுகிற பதினாறு வயதுப் பையனையும் பெண்ணையும் பிடித்து அடிக்க வேண்டும், முகத்தைப் படமெடுத்து ஊரெல்லாம் பரப்ப வேண்டும் என்றெல்லாம் கேட்கிறது. கூடாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றம். குழுமம் நினைத்தால் சமூகச் சேவை செய்யச் சொல்லலாம். மலையில் குப்பை பொறுக்கவோ வருகிறவர்களுக்கு வழிகாட்டவோ வைத்தால் அவனே பிறகு காவல்காரன் ஆவான். பதினெட்டைத் தாண்டியவர்களிடம் வேறு விதமாகப் பேசுங்கள். வழக்கு நிலுவை என்ற ஒரே வரி போதும். பாஸ்போர்ட் கோர்ட் அனுமதிக்காக நிற்கும், போலீஸ் வேலைக்கு எழுதித் தேறியவன் சரிபார்ப்பில் விழுவான். காலேஜ்களில் போய் இதை இப்படியே சொல்லுங்கள். பாரம்பரியம், புனிதம் என்று ஆரம்பித்தால் பையன்கள் போனை எடுத்துவிடுவார்கள். பாஸ்போர்ட் என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தாங்களே சாட்சியத்தையும் தயார் செய்து தருகிறார்கள். அமெரிக்காவில் 2014இல் ஓர் இளம்பெண் யோசெமிட்டி, கிரேட்டர் லேக், டெத் வேலி என்று தேசியப் பூங்கா பூங்காவாகப் போய்ப் பாறைகளில் அக்ரிலிக் முகங்கள் வரைந்து, அதை இன்ஸ்டாகிராமிலும் போட்டார். மலையேறுகிறவர்கள் அந்தப் பதிவுகளைச் சேமித்து அதிகாரிகளிடம் சேர்த்தார்கள். 2016இல் அவர் ஏழு குற்றங்களை ஒப்புக்கொண்டார். இரண்டு வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 200 மணி நேரச் சமூகச் சேவை, அந்தக் காலம் முழுவதும் தேசியப் பூங்காக்களுக்குள் நுழையத் தடை. அவரைப் பிடித்தது ரேஞ்சரின் துப்பாக்கி இல்லை, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த வழிப்போக்கர்கள்.

நமக்கும் அதுதான் வேலை. ஆனால் நாம் படம் எடுக்கிற லட்சணத்துக்கு ஒரு வழக்கும் நிற்காது. போனில் லொக்கேஷனை ஆன் செய்துவிட்டு எடுங்கள். முதலில் தூரத்தில் நின்று மலையும் பாதையும் தெரிய ஒன்று, பிறகு அந்தப் பாறை முழுவதும் விழ ஒன்று, கடைசியில் எழுத்து மட்டும் நெருக்கத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ பத்து ரூபாய்க் காசையோ பிடித்துக்கொண்டு. பாறையில் எதையும் ஒட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சாட்சியத்துக்கு உதவாது, தேதியும் இடமும் அதில் உதிர்ந்துவிடும். எடுத்த போனிலேயே அசலை வைத்திருங்கள். மின்னணு ஆவணத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டிவரும். எடுத்த போனுக்குப் பொறுப்பானவரும் ஒரு நிபுணரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் யார் எடுத்தது என்று படத்தோடு எழுதி வையுங்கள். பெயிண்ட் புதிதாக வாசம் அடிக்கிறதா, பக்கத்தில் டப்பா கிடக்கிறதா என்றும் குறியுங்கள். டப்பாவைத் தொடாதீர்கள்.

தேதியை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றால், காலம் நமக்கு எதிராக ஓடுகிறது. ஒரு வருடம் வரை தண்டனை உள்ள குற்றத்தை, ஒரு வருடம் கடந்துவிட்டால் கோர்ட் சாதாரணமாக விசாரணைக்கு எடுக்காது. மூன்று வருடம் வரை தண்டனை உள்ளதற்கு மூன்று வருடம். எழுதியவன் யார் என்று தெரியாதபோது, தெரிந்த நாளிலிருந்து எண்ணுவார்கள் என்பது ஓர் ஆறுதல். ஆனால் பாறையில் தேதியோடு தன் பெயரையும் ஊரையும் எழுதி வைத்திருக்கிற புத்திசாலிகள் இருக்கிறார்களே, அவர்கள் விஷயத்தில் நமக்கு அந்த ஆறுதலும் இல்லை. போன பொங்கலுக்கு எழுதியது வருகிற பொங்கலோடு கைநழுவலாம். அவசரம் என்று நான் கூவுவதற்கு இதுதான் காரணம்.

ஸ்டேஷனில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். "இது தொல்லியல் துறை விஷயம், அங்கே போங்க" என்பார்கள். தொல்லியல் துறையில் "நாங்க ஸ்டேஷனுக்கு லெட்டர் போடுறோம், நீங்க போங்க" என்பார்கள். வி.ஏ.ஓ. இது தன் சர்வே நம்பர் இல்லை என்பார். அலைந்து சலித்து மனு மடிந்து பாக்கெட்டிலேயே கிழியும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தை உருக்குலைப்பது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நகராதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு வழி சொல்கிறது. எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் மாஜிஸ்திரேட் முன்னால் நம் கையில் இருக்கும் முதல் தாள்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று அலுத்துக்கொள்கிற தோழர்களுக்கு நான் அரிட்டாபட்டியைத்தான் காட்டுவேன். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். 193 ஹெக்டேர். அந்த அறிவிப்பு தாளில் இருந்தபடியே, இரண்டே வருடத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு அந்த வட்டாரம் ஏலத்தில் போனது. தடுத்து நிறுத்தியது தாள் இல்லை. மேலூர் வட்டாரத்துக் கிராமசபைகள் ஒவ்வொன்றாகத் தீர்மானம் போட்டன. சட்டமன்றத்தில் 2024 டிசம்பரில் தீர்மானம் வந்தது. 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரை ஆயிரக்கணக்கில் நடந்தோம். அந்த மாதம் முடிவதற்குள் டெல்லி ஏலத்தை ரத்து செய்தது. சுரங்கக் கம்பெனியை அனுப்பிவைத்த ஊருக்கு ஒரு பெயிண்ட் டப்பாக்காரன் எம்மாத்திரம்? ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சுரங்கம் வந்தபோது எதிரி வெளியே இருந்தான், எல்லோரும் சேர்ந்தோம். இங்கே எழுதுகிறவன் நம் தெருப் பையன், நம் கட்சிக்காரன், நம் ஊர் ஜவுளிக்கடை முதலாளி. அதனால்தான் இந்த மனுவில் கையெழுத்துப் போடக் கை கூசுகிறது. கூசினாலும் போடுங்கள்.

கிராமசபையை மறந்துவிடாதீர்கள். அடுத்து கூடுகிற சபையில், நம் ஊர் எல்லைக்குள் எந்தப் பாறையிலும் எந்தக் கட்சியும் கடையும் எழுதக்கூடாது, எழுதியதை உரிய துறையின் மேற்பார்வையில் எழுதியவர் செலவில் அகற்ற வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வாருங்கள். தீர்மான நகலைப் போராடியாவது வாங்குங்கள். அதை மனுவோடு இணைத்தால் தாசில்தார் தட்டிக்கழிக்க முடியாது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம். ஆதார் நகல் ஒன்று, படங்கள் கலர் பிரிண்ட்டில் இரண்டு செட், பின்பக்கத்தில் எடுத்தவர் பெயரும் தேதியும் பாறை இருக்கும் இடமும். சர்வே நம்பர் தெரிந்தவர்கள் எழுதுங்கள், தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், அங்கே பார்த்துக்கொள்ளலாம். கட்சிக்கொடி வேண்டாம், கோஷம் வேண்டாம். ஒரே மனுவில் நூறு கையெழுத்து வாங்காதீர்கள், ஒவ்வொரு பாறைக்கும் தனி மனு, தனி ரசீது. எழுதச் சிரமப்படுகிற பெரியவர்கள் ஒன்பது மணிக்கே வந்தால் வாசல் மரத்தடியில் உட்கார்ந்து எழுதித் தருவோம். வண்டி வைத்திருக்கிற தோழர்கள் அவர்களை ஏற்றிக்கொண்டு வரவும்.